சேர்ந்தவர் நூறு, முடித்தவர் எத்தனை?

வெல்டிங், நர்சிங், ஏ.சி. மெக்கானிக் என்று தொழில் கற்க அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளுக்கு வருபவர்கள் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள்? அவர்களைக் கடைசி வகுப்புவரை கொண்டுசேர்த்த கல்லூரிகள் என்ன செய்தன?

டெக்சாஸ் மாநிலத்தின் வட மூலையில், மாட்டுப் பண்ணைகள் சூழ்ந்த ஊர் அமரில்லோ. அங்குள்ள சமுதாயக் கல்லூரி தன் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டது: படிப்பை முடிக்கவிடாமல் உங்களைத் தடுப்பது எது? கணக்குப் பாடம், கட்டுரை எழுதுவது, தேர்வு பயம் என்று பதில் வந்திருந்தால் பேராசிரியர்களின் வேலை சுலபமாகியிருக்கும். வந்த பட்டியலின் முதல் பத்து இடங்களில் வகுப்பறை சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்றுகூட இல்லை. சாப்பாடு, வீட்டு வாடகை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள், போக்குவரத்து, கரன்ட் பில், மன உளைச்சல், சட்டச் சிக்கல் என்று நீண்டது அது.

2014-ல் கல்லூரியின் தலைவரான ரஸல் லோரி-ஹார்ட் அந்தப் பட்டியலைக் கோப்பில் போட்டு மூடிவிடவில்லை. மாணவர்களின் விவரங்களையெல்லாம் கூட்டிப் பார்த்து, சராசரி மாணவர் ஒருவருக்கு உருவம் கொடுத்தார்கள். பெயர் மரியா. வயது 27. லத்தீன் அமெரிக்க வம்சாவளி. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர். கையில் பிள்ளை, படித்துக்கொண்டே வேலை. கல்லூரியில் எந்த விதியை மாற்றினாலும் ‘இது மரியாவுக்குச் சரிப்படுமா?’ என்று கேட்பது வழக்கமானது. 2016-ல் வளாகத்திலேயே ஓர் உதவி மையம் திறந்தார்கள். மளிகைச் சாமான், நேர்காணலுக்குப் போட்டுக்கொள்ள உடை, பஞ்சரான டயரை மாற்றவோ மின்கட்டணம் கட்டவோ அவசரப் பணம் எல்லாம் அங்கே கிடைத்தன. இலவச சட்ட உதவியும் மனநல ஆலோசனையும் பின்னாலேயே வந்தன. அமெரிக்காவின் சிறந்த சமுதாயக் கல்லூரிகளுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை தரப்படும் ஆஸ்பென் பரிசை, 2023-ல் கலிஃபோர்னியாவின் இம்பீரியல் வேலி கல்லூரியோடு சேர்ந்து அமரில்லோ வென்றது.

திறந்த கதவும் நீண்ட நடையும்

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்பது ஒரு நூற்றாண்டைத் தாண்டிய ஏற்பாடு. 1901-ல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் ஆறே மாணவர்களுடன் முதல் பொதுத்துறைச் சமுதாயக் கல்லூரி தொடங்கியது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் உள்ளூர்ப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் ஸ்டான்லி பிரவுனும் சேர்ந்து போட்ட திட்டம் அது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு, எட்டும் தூரத்தில் எல்லோருக்கும் ஒரு கல்லூரி வேண்டும் என்று 1947-ல் பரிந்துரைத்தது. இன்று நாடு முழுக்கச் சுமார் ஆயிரம் கல்லூரிகள் இருக்கின்றன. பள்ளி முடித்தவர் எவரானாலும் சேரலாம்; கட் ஆஃப் கிடையாது.

இரண்டாண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகிறவர்கள் ஒரு சாரார். இன்னொரு சாரார் நேரே வேலைக்குப் போக வந்தவர்கள். வெல்டிங், டீசல் என்ஜின், லேத், பல் மருத்துவ உதவி, நர்ஸ் உதவியாளர் என்று இவர்கள் படிப்பதெல்லாம் கையும் கருவியும் சேர்ந்த படிப்பு. ஆலை மூடியதால் நாற்பது வயதில் புதுத் தொழில் கற்க வந்தவரும், இரவு ஷிஃப்ட் முடித்துக் கண் எரிய வரும் இளைஞரும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள்.

உள்ளே வருவது எளிது. ஆனால், பொதுத்துறை சமுதாயக் கல்லூரிகளில் சேரும் எல்லா வகை மாணவர்களையும் சேர்த்துப் பார்த்தால், ஆறு ஆண்டுக்குள் ஏதாவதொரு சான்றிதழோ பட்டமோ பெறுகிறவர்கள் சுமார் 43 சதவீதம்தான். நாட்டில் கொஞ்சகாலம் கல்லூரிக்குப் போய், கையில் காகிதம் இல்லாமல் நின்றவர்களின் எண்ணிக்கை நான்கு கோடிக்கு மேல்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் தாமஸ் பெய்லி, ஷானா ஸ்மித் ஜாகர்ஸ், டேவிஸ் ஜென்கின்ஸ் மூவரும் 2015-ல் எழுதிய நூலில் இதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். சமுதாயக் கல்லூரிகள் கஃபடேரியா மாதிரி நடக்கின்றன என்பது அவர்கள் குற்றச்சாட்டு. நூற்றுக்கணக்கான பாடங்களைப் பரப்பி வைத்துவிட்டு, எதை எடுப்பது, எந்த வரிசையில் எடுப்பது என்பதை மாணவர் தலையிலேயே கட்டிவிடுகிறார்கள். வழிகாட்ட வேண்டிய ஆலோசகருக்கோ நூற்றுக்கணக்கான மாணவர்கள். தேவையில்லாத பாடத்தை எடுத்து ஒரு பருவத்தை இழந்தவர் அடுத்த பருவத்துக்குத் திரும்புவது சந்தேகம்தான்.

டென்னஸியின் நேரம் மாறாத மணி

டென்னஸி மாநிலத்தின் பயன்முறைத் தொழில்நுட்பக் கல்லூரிகள் இந்தப் பிரச்சினையை ஆரம்பத்திலேயே வெட்டிவிட்டன. சமுதாயக் கல்லூரிகளை நிர்வகிக்கும் அதே மாநில வாரியத்தின் கீழ்தான் இவையும் வருகின்றன. இங்கே மாணவர் பாடங்களைப் பொறுக்கி எடுப்பதில்லை. தொழிலைத் தேர்ந்தெடுத்துச் சேருகிறார். முழுநேரப் படிப்பு என்றால் வாரம் 30 மணி நேரம். பெரும்பாலும் காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் இரண்டரைக்கு முடிந்துவிடும். ஒரு பருவத்துக்கு 432 மணி நேரம், மூன்று பருவம் கொண்ட ஆண்டுக்கு 1,296. அதே ஆசிரியர், அதே பட்டறை, அதே சக மாணவர்கள்.

கேட்க ஏதோ பள்ளிக்கூடம் போலத் தோன்றலாம். ஆனால், மாலை வேலைக்குப் போகிறவருக்கு இந்தக் கட்டுப்பாடுதான் வசதி. அடுத்த பருவத்தில் வகுப்பு எந்த நேரத்துக்கு மாறுமோ என்ற கவலை இல்லை. முதலாளியிடம் ‘மூன்று மணிக்கு மேல் எப்போதும் வருவேன்’ என்று உறுதி சொல்லலாம். குழந்தைக் காப்பகத்திலும் ஒரே ஏற்பாடு போதும். ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் பட்டறையில் அவர் இடம் காலியாகத் தெரியும். யாராவது போன் போடுவார்கள். படிப்பை முடிப்பவர்கள் சுமார் நான்கில் மூன்று பேர்.

மாணவர்கள் ஏன் விலகுகிறார்கள் என்று 1975-ல் கோட்பாடு வகுத்தவர் வின்சென்ட் டின்டோ. கல்லூரி வாழ்க்கையோடு ஒட்டுதல் உண்டானவரே தங்குவார் என்றார் அவர். விடுதி, விளையாட்டு, விழா எல்லாம் உள்ள பல்கலைக்கழகத்தில் அந்த ஒட்டுதலுக்குப் பல இடங்கள் உண்டு. வகுப்பு முடிந்ததும் பார்க்கிங்கைப் பார்த்து ஓடும் தொழிற்கல்வி மாணவருக்கு இருப்பது அந்த ஒரு பட்டறைதான்.

நேரத்தை வேறு விதமாகவும் மாற்றலாம். அமரில்லோவும் அதே டெக்சாஸின் ஒடெசா கல்லூரியும் பதினாறு வாரப் பாடங்களில் பெரும்பகுதியை எட்டு வாரமாகச் சுருக்கின. கணக்கு எளிது. ஒரே சமயத்தில் நான்கு பாடம் படிப்பவருக்கு ஒன்பதாவது வாரத்தில் கார் நின்றுபோனால், நான்கும் போய்விடும். முதல் எட்டு வாரத்தில் இரண்டு, அடுத்த எட்டில் இரண்டு என்று படித்திருந்தால், முதல் இரண்டு ஏற்கெனவே கணக்கில் ஏறியிருக்கும்.

கணக்கு பட்டறைக்கு வந்தது

நீண்ட காலம் பல கல்லூரிகளில் ஒரு வழக்கம் இருந்தது. சேரும்போது கணக்கிலும் வாசிப்பிலும் ஒரு தேர்வு வைப்பார்கள். அதில் மதிப்பெண் குறைந்தால், முதலில் அடிப்படைப் பாடங்களைப் படித்துத் தேற வேண்டும். கட்டணம் உண்டு, பட்டத்துக்கு அது கணக்கில் சேராது. வெல்டிங் கற்க வந்தவர் வெல்டிங் கம்பியைத் தொடும் முன்பே இரண்டு பருவம் இயற்கணிதத்தோடு மல்லுக்கட்டுவார். பலர் பட்டறை வாசலைப் பார்க்காமலே வீட்டுக்குப் போனார்கள்.

வாஷிங்டன் மாநிலத்தில் இதை மாற்றிப் பார்த்தார்கள். அடிப்படைக் கல்வி பெற வந்த பெரியவர்கள் எத்தனை தூரம் போகிறார்கள் என்று ஓர் ஆய்வு ஐந்தாண்டு பின்தொடர்ந்தது. ஓராண்டுக் கல்லூரிப் படிப்பும் ஒரு சான்றிதழும் இருந்தால் வருமானம் தெளிவாக உயர்ந்தது. ஆனால், அந்த இடம்வரை போனவர்கள் மிகச் சிலரே. 2004-ல் பத்துக் கல்லூரிகளில் தொடங்கிய ‘ஐ-பெஸ்ட்’ திட்டம், அடிப்படைப் பாடத்தையும் தொழிற்பாடத்தையும் ஒரே வகுப்பில் கலந்தது. வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள்: ஒருவர் தொழில் தெரிந்தவர், மற்றவர் மொழியும் கணக்கும் சொல்லித்தருபவர். வகுப்பு நேரத்தில் குறைந்தது பாதியாவது இருவரும் சேர்ந்தே நிற்க வேண்டும்.

கலந்து கற்பிப்பது என்றால் என்ன? பட்டறைக் கணக்கு ஒன்றைப் பார்த்தால் புரியும். எட்டடி இரும்புச் சட்டத்தை நான்கு சம துண்டுகளாக வெட்ட வேண்டும். எட்டடி என்றால் 96 அங்குலம். நான்கால் வகுத்தால் 24. டேப்பை நீட்டி 24-ல் கோடு போட்டு வெட்டிக்கொண்டே போனால், கடைசித் துண்டு மூன்று நூல் குட்டையாக நிற்கும். ரம்பத் தகடு தன் பங்குக்கு இரும்பைத் தின்றிருக்கும். தகட்டின் கனம் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, நம்மூர்ப் பட்டறைக் கணக்கில் ஒரு நூல். நான்கு துண்டுக்கு மூன்று வெட்டு. ஆக மூன்று நூல் போய்விடுகிறது. மீதி 95 அங்குலம் 5 நூல். அதை நான்கால் வகுத்தால் 23 அங்குலம் ஏழேகால் நூல்.

இந்த இடத்தில் வெல்டிங் ஆசிரியர் ஒதுங்க, கணக்கு ஆசிரியர் முன்னால் வருகிறார். பின்னத்தைக் கழிப்பதும் வகுப்பதும் இப்போது பரீட்சைக்காகப் படிக்கும் சங்கதி இல்லை. தப்பாகப் போனால் இரும்பு வீணாகும். நர்ஸ் உதவியாளர் வகுப்பில் இதே வேலையை ரத்த அழுத்தக் குறிப்பேடு செய்கிறது. நோயாளி சொன்னதை ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதக் கற்றுக்கொள்வதற்கு, எழுதப்போகும் அதே படிவத்தைவிட நல்ல பாடப்புத்தகம் ஏது?

ஒரு வகுப்புக்கு இரண்டு சம்பளம் என்பதால் செலவு கூடும். வாஷிங்டன் அரசு இந்த மாணவர் ஒருவருக்கு வழக்கமான தொகையைப் போல் 1.75 மடங்கு கொடுத்தது. கொலம்பியா ஆய்வு மையம் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இதே நிலையிலிருந்து வந்த மற்ற மாணவர்களைவிட ஐ-பெஸ்ட் மாணவர்களில் சான்றிதழ் பெற்றவர்கள் கணிசமாக அதிகம். திட்டம் பிறகு மாநிலத்தின் 34 சமுதாய, தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கும் பரவியது.

பஸ் அட்டையும் பெயர் தெரிந்த ஆலோசகரும்

படிப்பில் தக்கவைக்கும் முயற்சிகளில் ஆய்வாளர்கள் அதிகம் பேசுவது நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-ல் தொடங்கிய ‘ஏசாப்’ திட்டம். தொழிற்கல்விக்கென்றே உருவானதல்ல, ஆனால், தொழிற்கல்விக் கல்லூரிகள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது நிறைய. மாணவர் முழுநேரமாகப் படிக்க வேண்டும். பதிலுக்கு, உதவித்தொகை போக மிஞ்சும் கட்டணத்தைக் கல்லூரி ஏற்கும், பாடநூல் தரும், தனிப்பயிற்சி தரும், சுரங்க ரயிலிலும் பஸ்ஸிலும் போகப் பயண அட்டை தரும்; அப்போது அது மெட்ரோ கார்டு. எல்லாவற்றுக்கும் மேல், குறைந்த மாணவர்களை மட்டும் கவனிக்கும் ஓர் ஆலோசகர். அவரைத் தவறாமல் பார்த்துப் பேசினால்தான் அடுத்த அட்டை கைக்கு வரும். பஸ் காசுக்காக வந்தவர், போகிற போக்கில் தன் பிரச்சினையையும் சொல்லிவிட்டுப் போவார்.

எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் குலுக்கல் முறையில் மாணவர்களை இரண்டாகப் பிரித்துச் சோதித்தது. மூன்றாண்டில் பட்டம் பெற்றவர்கள், திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம். வெளியே இருந்தவர்களில் 22. ஒரு மாணவருக்கு ஆன செலவு வழக்கத்தைவிட அறுபது சதவீதத்துக்கு மேல் கூடியது உண்மை. ஆனால், முடித்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தபோது, ஒரு பட்டத்துக்கு ஆன செலவு குறைந்திருந்தது.

நியூயார்க்கில் நடப்பது மற்ற ஊரில் நடக்குமா என்ற சந்தேகத்தை ஒஹாயோ தீர்த்துவைத்தது. அங்கே மூன்று கல்லூரிகளில் இதையே செய்தார்கள். நியூயார்க் அளவுக்குச் சுரங்க ரயில் அங்கே ஏது? மெட்ரோ கார்டுக்குப் பதிலாக மாதம் 50 டாலருக்குப் பெட்ரோல் அல்லது மளிகை அட்டை. முடிவு கிட்டத்தட்ட அதேதான்: மூன்றாண்டில் 35 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 19.

ஜீன்ஸ் ஆலை மூடிய ஊரில்

டெக்சாஸின் சான் அன்டோனியோவில் 1990-ல் லீவைஸ் ஜீன்ஸ் ஆலை மூடப்பட்டு, உற்பத்தி கோஸ்டா ரிகாவுக்குப் போனது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். பெரும்பாலோர் மெக்சிக வம்சாவளிப் பெண்கள். நகரத்தில் மருத்துவமனை வேலைகள் காலியாக இருந்தன, ஆனால் தையல் எந்திரத்திலிருந்து அங்கே போக வழியில்லை. தேவாலயச் சபைகளை அடித்தளமாகக் கொண்ட இரண்டு மக்கள் அமைப்புகள் அரசையும் முதலாளிகளையும் நெருக்கி ‘ப்ராஜெக்ட் குவெஸ்ட்’ என்ற திட்டத்தை உருவாக்கின. 1990-களின் தொடக்கத்திலிருந்து அது உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்குத் தோள் கொடுத்துவருகிறது.

கட்டணம், புத்தகம், போக்குவரத்து ஆகியவற்றுக்கு உதவி உண்டு. ஆனால், திட்டத்தின் முதுகெலும்பு வாரந்தோறும் நடக்கும் கூட்டம். ஆலோசகரோடு ஒரே நிலையில் உள்ள மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து, நேரத்தை எப்படிப் பங்கிடுவது, தேர்வுக்கு எப்படித் தயாராவது, மேலாளரிடம் எப்படிப் பேசுவது என்று பேசுகிறார்கள். கட்டாயம் வர வேண்டும். குலுக்கல் முறையில் நடந்த ஆய்வு ஒன்று இவர்களை ஒன்பது ஆண்டு தொடர்ந்தது. படிக்கும் காலத்தில் வருமானம் சற்று அடிபட்டாலும், பின்னால் ஏறிய சம்பளம் ஒன்பதாம் ஆண்டிலும் நீடித்தது. வேலைப்பயிற்சித் திட்டங்களில் இது அபூர்வம்.

வேலை இழுக்கும்போது

தொழிற்கல்விக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பாதி வெல்டிங் கற்றவருக்கே வேலை கிடைத்துவிடும். மணிக்கு இத்தனை டாலர் என்று கட்டடக்காரர் கூப்பிட்டால், வாடகை பாக்கி வைத்திருப்பவர் சான்றிதழுக்காகக் காத்திருப்பாரா?

கென்டக்கியின் ஜார்ஜ்டவுனில் டொயோட்டா ஆலையும் புளூகிராஸ் சமுதாயக் கல்லூரியும் 2010-ல் தொடங்கிய ‘ஃபேம்’ திட்டம், வேலையையே படிப்பின் பாதியாக்கியது. வாரம் இரண்டு நாள் வகுப்பு, மூன்று நாள் சம்பளத்தோடு ஆலை வேலை. 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, சேர்ந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் முடித்ததாகச் சொன்னது. ஆனால், இங்கே யார் வேண்டுமானாலும் சேர முடியாது. நேர்காணலும் மதிப்பெண்ணும் பார்த்தே எடுக்கிறார்கள். பெண்கள் மிகக் குறைவு. வடிகட்டிச் சேர்த்தவர்கள் முடித்ததில் வடிகட்டியின் பங்கு எவ்வளவு, பயிற்சியின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி பாக்கி இருக்கிறது.

விலகியவர் எல்லோரையும் தோற்றவர் பட்டியலில் சேர்ப்பதும் சரியில்லை என்கிறது கலிஃபோர்னிய அனுபவம். ஏற்கெனவே வேலையில் இருப்பவர் ஒன்றிரண்டு தொழிற்பாடம் மட்டும் படித்து, அதில் தேறி, சம்பள உயர்வோடு போய்விடுகிறார். கல்லூரிப் பதிவேட்டில் அவர் இடைநின்றவர். அவரைப் பொறுத்தவரை வந்த காரியம் முடிந்தது. இத்தகையவர்களை ஆய்வாளர்கள் தனி வகையாகவே எண்ணத் தொடங்கினார்கள்.

நம் பக்கம்

சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாடு தமிழ் நிலத்துக்கும் வந்து முப்பது ஆண்டாகிறது. இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரி 1995-ல் புதுவைப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கியது. அடுத்த ஆண்டே சென்னையில் ஒன்று. இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ் சென்னையிலிருந்து இந்த இயக்கத்தை நாடெங்கும் கொண்டுபோனார். பள்ளியை விட்டு நின்றவர்களுக்கு வாழ்க்கைத் திறன், தொழில் திறன், நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி என்று வரிசைப்படுத்தியது அவர் முன்வைத்த பாடத்திட்டம். 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழுவும் தனித் திட்டம் கொண்டுவந்தது.

தக்கவைக்கும் உதவிகளில் சில இங்கே ஏற்கெனவே உண்டு. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. என்று போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-ல் வந்தது. மாணவர்களுக்கான பஸ் பாஸ் இவற்றைவிடப் பழையது. நியூயார்க்கும் ஒஹாயோவும் சொல்லும் கூடுதல் செய்தி ஒன்று உண்டு: அந்தப் பணத்தோடு, தவறாமல் முகம் பார்த்துப் பேசும் ஓர் ஆளையும் சேர்த்துக் கட்டினார்கள்.

தலை எண்ணிய காலம் போய்...

பருவத் தொடக்கத்தில் வகுப்பில் எத்தனை தலை என்று எண்ணி அதற்கேற்பப் பணம் தருவதே அமெரிக்க மாநிலங்களின் நெடுநாள் வழக்கம். அந்த நாள் தாண்டியபின் மாணவர் நின்றுபோனாலும் கல்லூரிக்கு நஷ்டமில்லை. டென்னஸி 2010-லும் டெக்சாஸ் 2023-லும் சட்டம் போட்டு, முடித்தவர் கணக்குக்குப் பணத்தை மாற்றின.

மத்திய அரசும் இப்போது அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகை, 15 வாரமும் 600 மணி நேரமும் உள்ள படிப்புகளுக்கே நெடுங்காலம் கிடைத்துவந்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம், 8 வாரத்திலிருந்து 15 வாரத்துக்குள் முடியும் தொழிற்பயிற்சிகளுக்கும் அதை விரித்தது. அமலுக்கு வரும் நாள் 2026 ஜூலை 1. நிபந்தனை கறாரானது: சேர்ந்தவர்களில் 70 சதவீதம் பேர் முடிக்க வேண்டும், முடித்தவர்களில் 70 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் வேலை இருக்க வேண்டும்.

இந்த எண்ணை எட்ட இரண்டு வழி உண்டு. ஐ-பெஸ்ட்டும் ஏசாப்பும் காட்டியதைப் போலச் செலவழித்துத் தாங்கலாம். அல்லது, கார் இல்லாதவரையும் கைக்குழந்தைக்காரரையும் வாசலிலேயே தவிர்த்துவிட்டு, எப்படியும் முடிக்கப்போகிறவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவது வழி மலிவானது. சட்டத்தில் அதற்குத் தெளிவான தடை எதுவும் கண்ணில் படவில்லை. இருபது பேர் சேரும் நர்ஸ் உதவியாளர் வகுப்பில் பதினான்கு பேர் கடைசி நாள்வரை இருந்தாக வேண்டும், அவர்களில் பத்துப் பேராவது வேலையில் அமர்ந்தாக வேண்டும். அந்த இருபது பேரை எப்படிப் பொறுக்குவது என்பது இப்போது கல்லூரிகளின் கையில்.